துளை இல்லாத பிலிம்

“இவ்ளோ ஆசையா பாத்துப் பாத்து முள் எடுக்கிறியே, யாருக்கும்மா இந்த ரோஜா?” என்று கேட்டார் எழிலரசி.

“எங்க மேனேஜர் சாருக்குத்தான் மேடம்,” என்றாள் இசக்கிசெல்வி. பேக்கிங் மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காய்கறியும் பூவும் வாடாமல் காக்கிற பிலிமைத் தயாரிக்கும் ஒரகடம் கம்பெனி அது. ஊருக்கு ஊர் பூக்கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்காக ஆர்டர் கொடுக்க வந்திருந்தார் எழிலரசி. தான் கொண்டுவந்த சிவப்பு ரோஜாக்களைத் தன் கண்ணெதிரே சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும், பத்து நாள் கழித்து வந்து தானே பிரிப்பேன் என்பது அவருடைய நிபந்தனை.

“சின்ன முள்ளு இருந்தாலும் பிலிமக் கீறிரும் மேடம். நீங்களே தடவிப் பாருங்க.”

எழிலரசி ஒரு காம்பைத் தடவிப் பார்த்தார். “பரவால்லையே, வழவழன்னு இருக்கு.”

இசக்கிசெல்வி பிலிமுக்குக் கை நீட்டினாள். மேசையடியில் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு; இன்னொன்று துளை போடும் மெஷினுக்கு இனிமேல்தான் போக வேண்டும். பறித்த பிறகும் பூ மூச்சு விடும். துளை இல்லாவிட்டால் அந்த மூச்சே வேர்வையாகி, அதிலேயே ஊறி அழுகும்.

அவள் இரண்டாவது சுருளை எடுத்தாள். ஒரு கழுத்தை நெரிப்பது போல இறுக்கிச் சுற்றினாள்.

பெட்டியின் வாயை டேப்பால் ஒட்டி அதன்மேல் எழிலரசி கையெழுத்துப் போடும்போதுதான் மேனேஜர் ராமன் போன் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தார். “சூப்பர் மேடம்,” என்றார், எதையும் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் வல்லக்கோட்டை ரூமிலிருந்து இசக்கிசெல்வி தன் தோழி சுகப்பிரியாவுக்கு வீடியோ கால் போட்டாள். போன மாசிவரை இதே கம்பெனியில் வேலை பார்த்து, இதே பாயில் பக்கத்தில் படுத்துக் கிடந்தவள். இப்போது கோவில்பட்டிப் பக்கம், சொந்த ஊரில். போனைச் சுகப்பிரியா இடது கையில் பிடித்திருந்தாள். வலது கையை யாருக்கும் காட்டுவதில்லை.

உற்பத்தி வேகத்துக்காக ரோலரின் காப்பு வலையைக் கழற்றச் சொன்னது ராமன். ரோலர் சுகப்பிரியாவின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. விசாரிக்க அதிகாரிகள் வருவதற்குள் வலையைத் திரும்ப மாட்டி வைத்தார் அவர். “அந்தப் பொண்ணு போன் பாத்துகினு இருந்துச்சு சார்,” என்று முதலாளியிடம் சொன்னார். இல்லை என்று இசக்கிசெல்வி அழுதுகொண்டே சொன்னதை முதலாளி நம்பவில்லை.

“அவன விட மாட்டேன்ட்டி,” என்றாள் இசக்கிசெல்வி.

“சும்மா கெட. நாம எதக் காட்டினாலும், காட்டுறதுக்குள்ள அவன் மாத்தி வச்சிருவான்.”

பத்தாம் நாள் காலையில் ராமன் அவளைக் குளிர் அறைக்குக் கூப்பிட்டார். பெட்டி தலைகீழாகக் கிடந்தது. அடிப்பக்கம் பிரித்திருந்தது. வெளியே, கறுத்துக் குழைந்துபோன ஒரு ரோஜாக் கட்டு.

“இன்னாமே, துளை இல்லாத பிலிம்ல சுத்தி என்னையே கவுக்கப் பாக்கிறியா? நான் முன்னாடியே தொறந்து பாக்க மாட்டேன்னு நெனச்சுகினியா?”

இசக்கிசெல்வி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்ரீபெரும்புதூர் பூக்கடையிலிருந்து வரவழைத்த சிவப்பு ரோஜாக்கள் தயாராக இருந்தன. கடையில் சுற்றித் தந்த நியூஸ்பேப்பரோடு சேர்த்துத் தூக்கித் துளையுள்ள பிலிமில் வைத்து, பேப்பரை உருவிவிட்டுத் தன் கையாலேயே சுற்றி, அடிவழியாக உள்ளே வைத்து ஒட்டினார். மேல் டேப்பில் கையெழுத்து கலையாமல் அப்படியே இருந்தது.

“அந்தம்மா போவட்டும். அப்பால நீயும் உன் கூட்டாளி மாதிரி ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.”

பதினோரு மணிக்கு முதலாளியோடு வந்தார் எழிலரசி. தன் கையெழுத்தைச் சரிபார்த்து டேப்பைக் கிழித்தார். ரோஜாக்கள் அப்போதுதான் விழித்தது போல இருந்தன. முதலாளி கைதட்டினார்.

“நம்ம பிலிம் அப்படி மேடம்,” என்றார் ராமன்.

எழிலரசி பிலிமைப் பிரித்துக் கட்டை அள்ளி முகத்தருகே கொண்டுபோனார்.

“ஸ்ஸ்...”

கையை உதறினார். கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம். காம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மெதுவாக நிமிர்ந்தார்.

“பத்து நாள்ல பறிச்ச ரோஜாவுக்கு முள் மொளைக்குமா, ராமன்?”

முதலாளி பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் புது டேப் பளபளத்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப அந்த ரோலர் வலையையும் நீதான் அப்புறமா மாட்டினியா? இந்தப் பொண்ணு அன்னிக்குச் சொன்னது நெஜந்தானா?”

ராமன் இசக்கிசெல்வியைக் கைகாட்டினார். “சார், இவதான் சார்! அழுகுற மாதிரி சுத்தி வச்சா. அதான் நான் மாத்தும்படி...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கேபினுக்கு வா,” என்றார் முதலாளி.

நகரப் போன ராமன், பல்லைக் கடித்தபடி இசக்கிசெல்வியின் பக்கம் குனிந்தார். “ஏன்டி அழுக வச்ச?”

அவள் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

“அழுகுனாத்தான சார் நீங்க மாத்துவீங்க.”