மாநாட்டுக்கு முந்தின சனிக்கிழமை

மாநாடு திங்கட்கிழமை. அதற்குச் சனிக்கிழமையே கிளம்ப வேண்டும் என்று சிவநேசன் சொன்னபோதுதான் அவர் மனைவி தனேஸ்வரிக்கு முதல் சந்தேகம் வந்தது.

வீடு இருக்கும் ரவாங்கிலிருந்து மாநாடு நடக்கும் ஷா ஆலம் ஒரு மணி நேரம்கூட இல்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் மாநாடு காலை ஒன்பதுக்கு. ஏழு மணிக்குப் புறப்பட்டாலும் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காரலாம்.

"மேடையில பேசணும்லா தனம். மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். கோலா சிலாங்கூர்ல ஆத்தோரமா ஒரு வீடு எடுத்திருக்கேன். ரெண்டு நாள் இருந்துட்டு அப்படியே மாநாட்டுக்குப் போயிடுறேன்."

"அப்ப நானும் வர்றேங்க."

"வரலாம்தான். உனக்குச் சனிக்கிழமை கோயில் வேலை இருக்கே!"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், மூன்று வாரமாகவே மனுஷன் சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொள்கிறார். நாற்பத்தெட்டு வயதில் ஓர் ஆணுக்குப் பசி போய்ச் சிரிப்பு வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எந்தப் பெண்டாட்டிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவருடைய பையைத் திறந்தாள். இரண்டு நாளைக்கு ஆறு சட்டை. பிரிக்காத சென்ட் புட்டி ஒன்று. வாய் மணக்கும் மிட்டாய் இரண்டு பொட்டலம். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு மணந்ததில்லை.

அவர் குளிக்கப் போனதும் கைப்பேசியை எடுத்தாள். லீலாவதி என்ற பெயரில் வரிசையாகச் செய்திகள்.

'போன வருசம் மாதிரியே வேணும். வீட்டுக்குத் தெரியக் கூடாது.'

'பயப்படாதீங்க சார். நானே கதவைத் திறந்து விடுறேன். வேற யாரும் இருக்க மாட்டாங்க.'

'போன தடவை வாசம் சட்டையில ஒட்டிக்கிச்சு. கொஞ்சத்துல மாட்டியிருப்பேன்.'

போன வருடமும் இதே மாதம் ஒரு மாநாடு! தனேஸ்வரி அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்தாள். பதினேழு வருடக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். எல்லாம் ஒரு சென்ட் புட்டியில் கரைந்து போகப்போகிறதே! முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பி ரவீந்திரனை அழைத்தாள்.

ரவீந்திரன் ஒரு கிடங்கில் காவலர்களுக்கு மேற்பார்வையாளன். சீருடை போட்ட நாளிலிருந்து தன்னைப் பாதி போலீஸ் என்றே நினைத்துக்கொண்டிருப்பவன்.

"இப்பக் கேட்டா இல்லம்பாருக்கா. கையும் களவுமா புடிக்கணும். அட்ரஸ் இருக்கா?"

"அவளே அனுப்பியிருக்காடா."

"அப்ப கேஸ் முடிஞ்சிச்சிலா!"

சனிக்கிழமை கோயில் வேலையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத் தனேஸ்வரி தம்பியின் காரில் ஏறினாள். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். அவள் எதையும் பார்க்கவில்லை.

"என்னைவிடச் சின்னவளா இருப்பாளாடா?"

"இருந்தா என்னக்கா? நீ அழாத. நான் வீடியோ எடுக்கிறப்ப குறுக்க மட்டும் வந்துடாத."

ஆற்றோர வீட்டின் ஜன்னல்கள் பட்டப்பகலில் இறுக்க மூடியிருந்தன. சிவநேசனின் கார் வாசலில் இல்லை. வாழைப் புதருக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. ரவீந்திரன் அதை மூன்று படம் எடுத்தான். இருவரும் பூனை நடை நடந்து கதவில் காதை வைத்தார்கள்.

"மெதுவா சார். எதுக்கு இந்த அவசரம்? எல்லாம் உங்களுக்குத்தான்" என்றது ஒரு பெண் குரல்.

"நீங்க இல்லேன்னா இந்த மாசத்த நான் தாண்டியிருக்கவே மாட்டேன்" என்று உருகினார் சிவநேசன்.

தனேஸ்வரி கதவைவிட்டு விலகினாள். ரவீந்திரன் நாலடி பின்னால் போய், ஓடிவந்து, தோளால் கதவை இடித்தான். கதவு பூட்டப்படவில்லை. அவன் நேராகப் போய்ச் சாப்பாட்டு மேசையில் மோதி நின்றான்.

மேசைக்கு அந்தப் பக்கம் சட்டையில்லாமல், கழுத்தில் துண்டோடு சிவநேசன். முழங்கைவரை மசாலா. எதிரே செய்தித்தாளில் ஒரு குன்று நண்டு ஓடு. பக்கத்தில் கையில் கரண்டியோடு, அறுபது வயதைத் தாண்டிய சமையல்கார லீலாவதி.

சிவநேசன் தேள் கொட்டிய திருடனாக விழித்தார். வாயில் இருந்த நண்டுக் காலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

ரவீந்திரன் கைப்பேசியை இறக்கினான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, நண்டுலா! வெறும் நண்டு! மாமா தங்கமான மனுசன். நாமதான் வீணா சந்தேகப்பட்டுட்டோம். வா, உட்காரு, ஒரு வாய் தண்ணி குடி."

தனேஸ்வரி சிரிக்கவில்லை. ஓட்டுக் குன்றைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொம்பளை விவகாரமா இருந்திருந்தா நாலு பேர வச்சுப் பேசி முடிச்சிருப்பேன்டா தம்பி, பெருமாளுக்கு வீடே விரதம் இருக்கிற புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமையில நண்டு தின்ன மனுசனோட நான் எப்படிடா குடும்பம் நடத்துவேன்?"