சிவப்புக் கோட்டுக்கு மேலே

செல்போன் கோபுரத்துப் பெட்டி, தன் மின்கம்பி வழியே எவ்வளவு மின்இரைச்சலை வெளியே விடலாம் என்பதற்குச் சோதனைக்கூடத் திரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. நாச்சியப்பன் செய்த பெட்டியின் இரைச்சல் மூன்றாம் முறையும் முள்ளாய் அதைத் தாண்டி நின்றது.

"இனிமே மாத்த ஒண்ணுமில்ல மேடம். கம்பெனிய மூட வேண்டியதுதான்" என்றார் அவர்.

அவசரத்தில் எப்போதும் விட்டுவிடும் வேலையைச் சோதனை அதிகாரி தமயந்தி இன்று செய்தாள். பெட்டியை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். முள் அசையவில்லை.

ஆயுத பூஜையன்று அதே மின்இணைப்பில் அவளே மாட்டிய பிள்ளையார் விளக்கைப் பிடுங்கினாள். முள் மறைந்தது.

நாச்சியப்பன் சிரித்தேவிட்டார். அவள் அலமாரியைத் திறந்தாள். விளக்கு மாட்டிய நாளிலிருந்து 'தேறவில்லை' என்று அவள் கையெழுத்திட்ட கோப்புகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. மேலே இருந்ததை எடுத்து, அதிலிருந்த கம்பெனியின் எண்ணுக்கு அழைத்தாள்.

அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்.