கடகட சத்தம்

"அண்ணா, மொட்டைமாடியில இருக்கிற கம்ப்ரஸரை மட்டும் பாருங்க. இந்த ஃபேனைத் தொட வேண்டாம்."

ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்த ஏ.சி. மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். சொன்னது வரவேற்பு மேஜைப் பெண்.

அவள் தலைக்கு மேலே, கூரைத் தட்டுக்குள் இருந்த ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த அலறு அலறுது. உங்களுக்குக் கேக்கலையா?"

"பழகிப்போச்சு அண்ணா."

மெக்கானிக்குக் கம்பெனியில் 'பாம்புக்காது' என்று பெயர். படியேறும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சத்தம் போடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்ததாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது.

மாடிக்குப் போனார். கம்ப்ரஸர் ஓடத் தொடங்குவதும் சூடேறி நின்றுவிடுவதுமாக இருந்தது. ஆனால் குற்றம் அதன் மேல் இல்லை. சூட்டை வெளியே தள்ள வேண்டிய ஃபேன் பக்கத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால், ஃபேனைச் சுற்றவைக்கும் கப்பாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது. புதிதாக ஒன்றை மாட்டியதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. கம்ப்ரஸரும் சொன்ன பேச்சுக் கேட்டது.

கீழே வந்தபோது கிளினிக் குளிர ஆரம்பித்திருந்தது. கடகட மட்டும் நிற்கவில்லை.

"பேரிங் தேஞ்சிருக்கும்மா. சின்ன வேலைதான், முடிச்சுடறேன்."

"குளிர் வந்திருச்சில்ல, அது போதும் அண்ணா. நீங்க கிளம்புங்க."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"ஏம்மா, இந்தச் சத்தத்துக்காக ஏற்கனவே ஆளை வரச் சொன்னேன். வேண்டாம்னு வாசலோட திருப்பி அனுப்பினது நீதானாமே? சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவள் மேஜை மேலிருந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஏணி போட்டால் தூசி விழும், துடைக்க வேண்டுமே என்ற கவலை போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

சாப்பாட்டு இடைவேளையில் பேரிங்கை மாற்றினார். சத்தம் அடியோடு நின்றது; கையை நீட்டிப் பார்த்தால்தான் ஃபேன் ஓடுவதே தெரிந்தது. மேனேஜர் அவர் தோளைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

இடைவேளை முடிந்ததும் முதல் ஆளாக ஒருவர் டாக்டர் அறைக்குள் போனார். அவர் மனைவி வெளியே, அறையின் பலகைத் தடுப்பை ஒட்டிய நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்தார்.

மெக்கானிக் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவாக.

"அப்போ வேற வழியே இல்லையா டாக்டர்?"

பிறகு ஒரு ஆண்பிள்ளை அடக்கி அடக்கி அழுகிற சத்தம்.

வெளியே இருந்த மனைவி மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

வரவேற்புப் பெண் பாய்ந்து போனை எடுத்தாள்.

"ஹலோ! ஹலோ! ஒண்ணுமே கேக்கலைங்க! கொஞ்சம் சத்தமாப் பேசுங்க!"

போன் மணி அடிக்கவே இல்லை.

"உள்ளே பேசுறது எங்க வீட்டுக்காரரா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லைக்கா, டாக்டர் வேற யார்கிட்டயோ போன்ல பேசறார். நீங்க வாசப்பக்கம் வந்து உட்காருங்கக்கா. அங்கேதான் காத்து நல்லா வருது." கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேனேஜர்கிட்ட சொல்லலையாம்மா?"

"சொன்னேன் அண்ணா. பலகையை எடுத்துட்டுச் சுவர் வைக்கணும்னா அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டார். இங்கே வர்றவங்க முக்கால்வாசிப் பேருக்குப் பெரிய வியாதி. அதை அவங்கவங்க வீட்டுல, அவங்கவங்க வாயால சொல்லிக்கட்டும். என் மேஜைக்கு முன்னால உட்கார்ந்து யாரும் தெரிஞ்சுக்க வேண்டாம்."

மெக்கானிக் மடக்கிவைத்த ஏணியை மறுபடி விரித்தார். ஏறினார். கூரைத் தட்டைத் திறந்து, ஃபேனின் மூடித் தகட்டில் இரண்டு திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தினார்.

கடகடவென்று ஆரம்பித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் நிம்மதியாக அழுதார்.

சத்தம் கேட்டு மேனேஜர் இறங்கி ஓடிவந்தார். "என்னப்பா இது, பழைய குருடி கதவைத் திறடிங்கிற மாதிரி! உன்னைப் பெரிய கெட்டிக்காரன்னு சொல்லி அனுப்பினாங்களே!"

மெக்கானிக் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"யாரோ தெரியாம சொல்லியிருக்காங்க சார். எனக்கு வேலை இவ்வளவுதான் வரும்."