நல்ல கிருமி

வரிச்சிக்குடி வீட்டின் நடுவே பாகச் சுவர் எழும்பிய அன்றே கமலாம்பாள் சத்தியம் செய்துவிட்டாள், ஓரகத்தி அஞ்சுகத்தின் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தன் மகள் தொண்டையில் இறங்காது என்று.

மகள் ராசாத்திக்கு டைபாய்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் காரைக்கால் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காய்ச்சல் விட்டது, பேதி நிற்கவில்லை.

"கேப்சூல் கெட்ட கிருமியோட வயித்துல இருந்த நல்ல கிருமியையும் கொன்னுடுச்சும்மா. தினம் தயிர் குடுங்க. நல்லது திரும்பக் குடியேறிடும்" என்றார் டாக்டர்.

தயிர் தோய்த்து வைக்கக் கணவன் முத்தையன் முன்னாடியே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் வீடு திரும்பிய ராசாத்தியைப் பார்க்க அஞ்சுகம் கிண்ணத்தில் தயிரோடு வந்தாள்.

"விஷம் வச்சிருப்பே!" அவள் கண்ணெதிரிலேயே கமலாம்பாள் அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

சில நாளில் ராசாத்தி எழுந்து ஓடினாள். கமலாம்பாள் சுவரோரம் நின்று கத்தினாள்.

"எம் பொண்ணைத் தூக்கி நிறுத்தினது எங்க வீட்டுத் தயிருடி!"

சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சுகம் சிரித்தாள். "பூட்டிக் கிடந்த வீட்டுல உறைமோர் ஏதுக்கா? எங்க கொல்லையில வந்து நின்னு உங்க வீட்டுக்காரருதான் வாங்கிட்டுப் போனாரு. அதை வச்சுத்தான் இன்னிவரைக்கும் உங்க தயிர் உறையுது."

கமலாம்பாள் திரும்பினாள். முத்தையன் தலையைக் குனிந்துகொண்டான்.

தயிர்ப்பானையைத் தூக்கி அதே சாக்கடையில் கொட்டினாள்.

"அம்மா, தயிர்சோறு" என்று ராசாத்தி வந்து நின்றாள்.

அந்த வயிற்றில் குடியேறிவிட்டதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?