அடியில் போன கொப்பி

டொக்டரின் கதவோரம் இருந்து பேர் கூப்பிடுகிற ரத்தினம்மா, நோயாளிகளின் நோட்டு அடுக்கில் மேலே வந்த கிளினிக் கொப்பியைப் பிரித்தாள். பெஞ்சில் இருந்த தாயையும் மகளையும் ஒரு பார்வை பார்த்தாள். கொப்பியை அடியில் செருகினாள்.

மூன்றாவது தடவை.

"பாத்தியா? ஒன்னையப் பாத்துட்டுத்தான் தள்றா," என்று முணுமுணுத்தாள் இராசமணி.

"அந்தப் பேரக் கூப்பிடாம இருந்தாச் சரிம்மா."

மகளுக்குப் பதினான்கு வயது. ஆண்பிள்ளை என்று நினைத்து வைத்த பேர்தான் கொப்பியில் இன்னும் இருந்தது. போன மாதம் இதே கதவோரம் இருந்த வேறொருத்தி அந்தப் பேரைக் கூப்பிட்டாள். பாவாடையோடு எழுந்த பிள்ளையைப் பார்த்துப் பெஞ்சே சிரித்தது. பிள்ளை டொக்டரைப் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டாள்.

இப்படியான பிள்ளைகளை ஏசாமல் பார்க்கிற டொக்டர் இவர்தான் என்று தோட்டத்து மிட்வைப் சொல்லி அனுப்பியிருந்தாள். பன்னிரண்டுக்கு எழுந்து போய்விடுவார். இப்போது பதினொன்றே முக்கால்.

"என்ன தாயி, ஒங்க கொப்பி முங்கி முங்கி எந்திரிக்குதே!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இராசமணி நேரே மேசைக்குப் போனாள்.

"பன்விலையில இருந்து ரெண்டு செக்பொயின்ட் தாண்டி வந்திருக்கோம். பொறகு வந்தவங்க எல்லாம் உள்ள போயாச்சு. எம்புள்ளையப் பாத்துத்தானே ஒதுக்குறீங்க?"

"ஆமா. புள்ளையப் பாத்துத்தான்."



ரத்தினம்மா குரலைத் தாழ்த்தினாள். "இதுல இருக்கிற பேர இத்தன பேருக்கு நடுவுல கத்த எனக்கு வாய் வரல அக்கா. எண்பத்து மூணு கலவரத்துல, தமிழாளுகளத் தேடி பஸ்ஸ மறிச்சு ஒவ்வொருத்தரா பேர் கேட்டாங்க. எனக்கு இவ வயசு. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த சிங்கள அம்மா, 'இது என் மக குசுமா'ன்னுட்டாங்க. கூட்டத்துல ஒரு பேர் என்னா செய்யும்னு எனக்குத் தெரியும். கதவ விட்டு வர ஏலல. நீங்களா வந்தா மெதுவாக் கேக்கலாம்னு பாத்தா, மூணு தடவையும் மொறைச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க!"

பிள்ளையைக் கைகாட்டி அழைத்தாள். "ஒன் பேர் என்னம்மா?"

பிள்ளை அவள் காதில் சொன்னாள்.

"சரி. ரெண்டு பேரும் போய் உக்காருங்க."

"திரும்பவுமா?"

"போங்கக்கா, சொல்றேன்ல!"

அவர்கள் பெஞ்சில் உட்காரவும், வெளிக் கேட்டு வரைக்கும் கேட்கும்படி அந்தக் குரல் எழுந்தது.

"ரோகிணி! பன்வில ரோகிணி! ஓடி வாங்க மகள், டொக்டர் பாத்துக்கிட்டு இருக்கார்!"