மாமா கையில் தண்ணீர்

கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள் எரிகின்றன. குமாசி நகர அரங்கின் ஒப்பனை அறையில் பாடகி செர்வா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இசைப்பயணத்தைப் படமெடுக்கும் நான் மூலையில் கேமராவோடு நிற்கிறேன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஊரிலிருந்து இப்போதுதான் வந்த தாய்மாமன் ஒபெங், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருக்கிறார். வந்தவர் நாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தபிறகுதான் வந்த சேதியைக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். வெளியே கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. என் காதுக்குள் இயக்குநரின் குரல்: "முகத்துக்குப் போ. நிறுத்திராத." மேக்கப் போடும் பெண் பவுடரைத் தட்டியபடி, "குடிங்க மாமா, வெயில்ல வந்திருக்கீங்க" என்கிறாள். மாமா டம்ளரை உதடுவரை தூக்குகிறார். குடிக்காமல் மறுபடி இறக்கிவிடுகிறார். செர்வா கண்ணைத் திறக்கிறாள். எழுந்து வந்து, டம்ளரை அவரிடமிருந்து வாங்கி, ஒரே மூச்சில் தானே குடித்துவிடுகிறாள். "தொண்டை வறண்டுபோச்சு மாமா. பாடிட்டு வந்து நானே உங்களுக்கு வேற தண்ணி தர்றேன்." காலி டம்ளரை, மறக்காமல் வலது கையால், அவர் கையில் திருப்பி வைத்துவிட்டு மேடைக்குப் போகிறாள்.