சம்பந்தி வீட்டு வாசற்படி

"அந்தப் பொம்மனாட்டி முகத்துல நான் முழிக்கவே மாட்டேன், மேடம்! புள்ளையை ஏவி விட்டு என் பொண்ணைக் கொத்திண்டு போனதே அவதான். ராட்சசி!"

ராமசுப்ரமணியன் ஹிந்தியிலும் இங்கிலீஷிலுமாகக் கத்தினார். ராட்சசிக்கு ஹிந்தியிலும் அதே வார்த்தைதான் என்பதால் மொழிபெயர்க்கும் சிரமம் அவருக்கு இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த சுஷ்மா டீயை ஒரு வாய் குடித்தாள். "அச்சா. அப்புறம்?"

வாழ்க்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தரும் லைஃப் கோச் என்ற பேரே டில்லிக்குப் புதிதாக இருந்த சமயம் அது. ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு வகுப்பெடுக்க அவர் ஆபீசுக்கு வந்தவள்தான் இந்த சுஷ்மா. "இத்தனை வயசுக்கு மேல மனுஷன் மாறுவானா?" என்று எழுந்து நின்று அவளோடு மல்லுக்கட்டியவர் இவர்.

வகுப்பு முடிந்ததும் அவள் நேரே இவரிடம் வந்தாள்.

"தனியா மாறணும்னா பத்து வருஷம் ஆகும், ஜி. கூட ஒருத்தர் நின்னு விடாம கேள்வி கேட்டா சீக்கிரமே முடியும். கோல் மார்க்கெட்ல என் ரூமுக்கு சனிக்கிழமை வாங்க."

பத்து வருஷத்துக்கு அவர் எங்கே போவார்? ஒரே பெண் ஜ்யோத்ஸ்னா ஒரு பஞ்சாபிப் பையனை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, இவர் அந்தத் திசைக்கே போகவில்லை. கல்யாணப் போட்டோவைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று மனைவி மங்களம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்கதான் சம்பந்தி வீட்டுக்குப் போய், பொண்ணை அனுப்பி வையுங்கோன்னு வாயைத் திறந்து கேட்கணும். அப்பா வந்து கூப்பிடாம வரமாட்டேன்னு அவளும் சொல்லிட்டா."

அந்த ஒரு வரிதான் அவருக்கு வாயில் வரவில்லை. ஆனால் பெண்ணைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"கேட்டே தீரணும், மேடம்" என்றார் சுஷ்மாவிடம். "அதுக்குள்ள என்னை மாத்துங்கோ."

அவள் மாற்றவில்லை. அவரையே மாறச் சொல்லி வேலை வைத்தாள்.

முதல் வாரம், அதுவரை 'அந்தப் பையன்' என்றே குறிப்பிட்ட மாப்பிள்ளையை, 'அர்விந்த்' என்று பேர் சொல்லிப் பழக வேண்டும். மறு வாரம், பெண்ணுக்கு போன் செய்து, புத்திமதி சொல்லாமல் பேச வேண்டும். எப்படியாவது டிமிக்கி கொடுக்கலாம் என்று பார்த்தார். சாயங்காலம் ஆனால் சுஷ்மாவின் போன் வந்துவிடும். "செஞ்சீங்களா? ஏன் செய்யலை? நாளைக்கு எப்போ செய்வீங்க?"

பிறகு ஒத்திகை ஆரம்பமாயிற்று. ஒரு சனிக்கிழமை சுஷ்மா ஜ்யோத்ஸ்னாவாக நடித்தாள். அடுத்த வாரம் மாப்பிள்ளையாக நடித்தாள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர் சத்தம் குறைந்திருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மங்களத்திடம் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள்.

கடைசியில் சம்பந்தியின் முறை வந்தது.

"பொண்ணை அனுப்பணும்" என்றார் விறைப்பாக.

"உத்தரவா? இத்தனை நாளா எங்கே இருந்தீங்க?" சுஷ்மா வெடுக்கென்று கேட்டாள்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. விருட்டென்று எழுந்து கதவு வரை போய்விட்டார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் கேட்கறேன், மேடம்."

சரியாக வரும்வரை அன்று அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படேல் நகரில் சம்பந்தி வீட்டு வாசலில், பூவும் பழமும் வைத்த தட்டோடு மங்களம் பின்னால் நிற்க, அவரே அழைப்பு மணியை அழுத்தினார். இனிப் பின்வாங்குவதாக இல்லை.

கதவு திறந்தது. சுஷ்மா நின்றிருந்தாள்.

"மேடம்! எனக்குத் துணையா முன்னாடியே வந்துட்டேளா?" அவருக்கு உயிரே வந்தது.

உள்ளேயிருந்து ஜ்யோத்ஸ்னாவின் குரல் கேட்டது. "மம்மிஜி, வாசல்ல யாரு?"

மம்மிஜி என்றால் மாமியார். ராமசுப்ரமணியன் திரும்பி மனைவியைப் பார்த்தார். மங்களம் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், தட்டில் சரிந்த பழத்தை எடுத்து வைத்தாள்.

அந்தக் கோல் மார்க்கெட் அறையில் வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது. அவமானத்தில் முகம் எரிந்தது. வந்த வழியே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. இரண்டு கைகளையும் குவித்தார்.

"எல்லாம் என் தப்பு, சம்பந்தி. பொண்ணை எங்களோட அனுப்பி வையுங்கோ."

"கூட்டிட்டுப் போங்க, பாய் சாகிப்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் சுஷ்மா. "உங்க பொண்ணு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க மூஞ்சிக்கு நேராவே அப்படித் திட்டினேனே. எப்படிப் பொறுத்துண்டேள்?"

சுஷ்மா ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"என் பையனைக் கட்டிக்கிட்டதாலதானே அவளுக்கு அப்பா இல்லாம போனாரு? நான்தானே தேடிக் கொண்டுவந்து கொடுக்கணும்?"